நெற்றியைப் பார்த்து நீட்டிய தட்டு

இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டுதான் வருகிறது. என் ஒரே மகளின் வளைகாப்பு. பெற்றவள் நான் அவள் கையில் ஒரு கண்ணாடி வளையல் போடக் கூடாதாம். அவள் அப்பா காலமாகி இரண்டு வருஷம் ஆகியிருந்தது, அதனால்.

முந்தின நாளே என் நாத்தனார் வந்து சொல்லிவிட்டுப் போனார். "மனசுல வச்சுக்காத. புள்ளத்தாச்சிப் பொண்ணு விஷயம். நீ சமையக்கட்டுப் பக்கம் இரு, முன்னாடி நாங்க பாத்துக்கறோம். அப்புறம், அந்தப் பொட்டையும் நாளைக்கு ஒரு நாள் எடுத்துடேன்."

பொட்டை எடுக்க முடியாது என்றேன். அது என்ன, அவர் தம்பி எனக்குத் தாலியோடு சேர்த்துக் கொடுத்ததா? கைக்குழந்தையாக இருக்கும்போதே என் அம்மா வைத்துவிட்டது. ஆனால் வளையல் விஷயத்தில் பல்லைக் கடித்துக்கொண்டேன். நாளைக்கு ஒன்று ஆகிவிட்டால் என் தலையில்தானே விடியும்.

திருக்காட்டுப்பள்ளியில் ஒரு சின்ன மண்டபம். மகள் பட்டுப்புடவையில், கன்னத்தில் சந்தனத்தோடு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அவள் மாமியார். நான் சமையலறை வாசலில் எலுமிச்சை சாதம் கிளறிக்கொண்டிருந்தேன். என்னோடு பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கும் சிநேகிதி முன்வரிசையில் இருந்தாள். லுத்தரன் சபைக் கிறிஸ்தவக் குடும்பம். அவர்கள் வீட்டுப் பெண்கள் பொட்டு வைப்பதில்லை; கல்யாணத்தன்றும் வெறும் நெற்றிதான். கல்யாணப் புடவை வேறு வெள்ளை. அவள் கல்யாணப் படத்தை முதன்முதலில் பார்த்தபோது எனக்கே திக்கென்றது. "வெள்ளைதான் டீச்சர் எங்களுக்குக் கல்யாணக் களை" என்று அவள் சிரித்தாள்.

நாத்தனார் வளையல் தட்டை ஏந்திக்கொண்டு வரிசையாக வந்தார். ஒவ்வொருத்தியும் ஒரு ஜோடி எடுத்துக்கொண்டு போய் மகளுக்குப் போட்டாள். சிநேகிதியின் முறை வந்தது. கையை நீட்டினாள். நாத்தனார் அவள் நெற்றியை ஒரு பார்வை பார்த்தார். தட்டு அவளைத் தாண்டி அடுத்தவளிடம் போய்விட்டது.

"அண்ணி, அவங்க வீட்டுக்காரர் வெளிய உக்காந்துருக்காரு!" என்று நின்ற இடத்திலிருந்தே கத்தினேன்.

நாத்தனார் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "ஐயய்யோ, தெரியாம போச்சு டீச்சர்! தப்பா எடுத்துக்காதீங்க. நெத்தி வெறுமையா இருந்துச்சா, நான் வேற மாதிரி நெனச்சுட்டேன். வாங்க வாங்க, மொதல்ல நீங்க போடுங்க."

அடடா, என்ன மரியாதை! புருஷன் இருக்கிறான் என்று தெரிந்த நிமிஷமே அந்த வெறும் நெற்றி மங்களமாகிவிட்டது. ஒரு பெண்ணைத் தாண்டிப் போனதற்காக அவர் வருத்தப்படவில்லை. ஆள் தெரியாமல் தாண்டிவிட்டோமே என்றுதான் வருத்தம்.

சிநேகிதி எழுந்திருக்கவில்லை. "எனக்கு ஒண்ணு புரியலைங்க" என்றாள் நிதானமாக. "பொட்டே வைக்காத என்னைக் கூப்பிடறீங்க. பொட்டு வச்சுருக்கிற அவங்கள, அதுவும் பெத்தவங்கள, ஏன் கூப்பிடல?"

"அது வேறங்க. அது எங்க வழக்கம்."

"அப்ப எனக்கு வேணாங்க. அவங்க போடட்டும், அப்புறம் போடறேன்."

கரண்டியைப் போட்டுவிட்டு, கையைக்கூடக் கழுவாமல், நேரே போய்த் தட்டிலிருந்து ஒரு ஜோடி பச்சை வளையலை எடுத்தேன். "வேணாம், சொல்றதக் கேளு" என்று நாத்தனார் குறுக்கே வந்தார். என்னென்னவோ கேட்க வேண்டும் என்று இருந்தது. "வழிய விடுங்க அண்ணி" என்பது மட்டும்தான் வாயில் வந்தது.

மகளுக்கு வளையல் போட்டேன். சிநேகிதியும் போட்டாள். பந்தி நடந்தது. நாத்தனார் தயிர்சாதத்தை இன்னொரு தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

அவர் மேல் இருந்த கோபம் என்றைக்கோ ஆறிவிட்டது. ஆறாதது வேறு. நான் வளையலோடு போய் முன்னால் நின்றபோது என் மகள் உடனே கையை நீட்டவில்லை. திரும்பி மாமியார் முகத்தைப் பார்த்தாள். நான் பெற்ற பெண், என்னிடம் கை நீட்ட உத்தரவு கேட்டாள். அந்த அம்மாள் தலையசைத்த பிறகுதான் நீட்டினாள்.