சாகாமத்துப் பூமியதிர்ச்சி

பொறியியல் கடைசி ஆண்டில் பாலத் தூண்களைப் பற்றி ஆய்வு செய்யப்போகிறேன் என்றதும் கல்முனைக்குடியில் என் வீட்டார் மகிழ்ந்தார்கள். பூமியதிர்ச்சியில் அவை எப்படி நிற்கும் என்பதுதான் ஆய்வு என்றதும் உம்மாவுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. சுனாமியன்று இங்கே கடல்தானே வந்தது, பூமி எங்கே ஆடியது என்று கேட்டார்.

எனக்குப் பிடித்துப்போனது கலப்புத் தூண். உருக்குக் குழாய்க்குள் கொங்கிறீற் நிரப்பியது. குழாய் கொங்கிறீற்றைச் சிதறவிடாது; கொங்கிறீற் குழாயை உள்ளே நசுங்கவிடாது. முழங்கால் உயரத்தில் அப்படி ஒன்றும், ஒப்பிட்டுப் பார்க்க, கம்பி கட்டிய சாதாரணத் தூண் ஒன்றும் வார்த்தேன். ஆட்டிப் பார்க்கத்தான் வழியில்லை. கணினியில் ஆட்டினால் போதும் என்றார் விரிவுரையாளர். எனக்குப் போதவில்லை.

உம்மாவின் தம்பிக்கு, என் மாமாவுக்கு, சாகாமத்தில் நெல் ஆலை இருந்தது. அங்கே மோட்டாரைப் போட்டால் முன்னும் பின்னும் ஓயாமல் ஆடுகிற பெரிய சல்லடை உண்டு. ஆலையில் வேலை இல்லாத ஒரு காலையில் தூண்களை ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு போய் இறங்கினேன்.

மாமா குழாயைத் தட்டிப் பார்த்தார்.

"மகள், இது என்ன பீரங்கியா?"

பாலத்தின் கால் என்றேன். சல்லடை வேண்டும் என்றதும் முகத்தைச் சுருக்கினார். ஆனால், ஏதாவது உடையப்போகிறது என்றால் மாமாவால் பார்க்காமல் இருக்க முடியாது. வலையைக் கழற்றிவிட்டுச் சட்டத்தில் தடித்த பலகை போட்டு, சாதாரணத் தூணை முதலில் அதில் திருகாணியால் முடுக்கினோம். பாலத்தின் பாரத்துக்கு உச்சியில் ஒரு சிறிய அரிசி மூட்டையைக் கட்டினோம்.

மோட்டார் ஓடியது. கொஞ்ச நேரத்தில் தூணின் அடி வெடித்து, கொங்கிறீற் உதிர்ந்து, கம்பி வளைந்து, மூட்டை விழுந்து கிழிந்தது. அரிசிக்குக் கோழிகள் வந்தன. கோழிகளுக்குப் பின்னால் மாமி வந்தார்.

அடுத்தது கலப்புத் தூண், வேறொரு மூட்டையோடு. ஆடியது, சாயவில்லை. வேகத்தைக் கூட்டியது நானல்ல, மாமா. இன்னும் கூட்டினார். அப்போது பெரிய சத்தம் ஒன்று கேட்டது. சல்லடையை ஆட்டுகிற இரும்புக் கை முறிந்து கிடந்தது. தூண் மூட்டையோடு நின்றது.

மாமி குனிந்து பார்த்தார். குழாயின் அடி வெளியே புடைத்திருந்தது.

"இதுக்கு யானைக்கால் வந்திரிக்கி," என்றார்.

என் பாடப் புத்தகத்திலும் அதற்கு அதே பெயர்தான். அதை அப்போது சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

மாமா முறிந்த இரும்புக் கையைத் தூக்கிப் பார்த்தார். "உன்ட பாலம் நிக்கும் மகள். என்ட ஆலதான் நிண்டு போச்சு."

கல்முனையில் ஒரு பட்டறையில் கையை ஒட்டிக் கொண்டுவந்து பூட்டும் வரைக்கும், ஆலை ஏன் ஓடவில்லை என்று கேட்டவர்களிடமெல்லாம் மாமா பூமியதிர்ச்சி என்றே சொன்னார். நெல்லோடு வந்த ஒருவர், தனக்கும் அன்று கட்டில் ஆடியதாகச் சொன்னாராம்.

ஆய்வுக்கான நேர்முகத் தேர்வில் தேர்வாளர் ஒருவர், தூணை ஆட்ட நான் பயன்படுத்தியது எந்த நாட்டில் பதிவான பூமியதிர்ச்சி என்று கேட்டார்.

"சாகாமம், சேர்," என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. எழுதிக்கொண்டார்.