பூட்டுகிறாரா, திறக்கிறாரா?

"இதுவா, முன்னாடி போட்டதா? எது தெளிவு?"

நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர், மூக்கின்மேல் கனக்கும் சோதனை ஃப்ரேமைச் சுமந்துகொண்டு, "ரெண்டுமே நல்லாத்தான் இருக்கு" என்கிறார். போச்சு! இந்தக் கண்ணாடிக் கடையில் சொல்லவே கூடாத வார்த்தை அது. கடைக்கார அக்கா லென்ஸைக் கழற்றி வேறொன்றைச் செருகுகிறார். "நல்லாயிருக்குன்னு சொல்ல நீங்க எதுக்கு சார் வரணும்? அதை நானே சொல்லிக்குவேனே. எந்த எழுத்து கலங்குது? அதைச் சொல்லுங்க."

வீட்டிலும் இதே பாடுதான். கணவர் பஸ் ஓட்டுகிறவர். பசியோடு வந்து உட்கார்ந்து, "சாப்பாடு இன்னைக்கு என்னவோ மாதிரி இருக்கு" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டால் தொலைந்தார். உப்பா, காரமா, வேகவில்லையா, எத்தனையாவது வாயில் தெரிந்தது என்று விசாரணை ஆரம்பமாகிவிடும். பாவம், மனிதர் இப்போதெல்லாம் சாப்பிட மட்டும்தான் வாயைத் திறக்கிறார்.

கடையில் ஆள் இல்லாத நேரத்தில் அக்காவின் போன், முகம் பார்க்கும் கண்ணாடியில் சாய்ந்து நிற்கும். அதில் வெப்காமிக்ஸ் ஓடிக்கொண்டிருக்கும். விரலால் தள்ளித் தள்ளிப் படிக்கிற சித்திரக்கதைகள். அக்காவுக்கு அவை உயிர். ஆனால் கதை முடிந்து கீழே கருத்துப் பகுதிக்கு வந்தால் ரத்தக்கொதிப்பு ஏறிவிடும். 'சூப்பர்', 'செம', 'மொக்கை', 'அடுத்தது எப்போ'. இதைத் தாண்டி அங்கே ஒரு மண்ணும் இருக்காது. "ஒருத்தர் கை வலிக்க வலிக்க வரைஞ்சு வச்சிருக்காங்க. நீ ஒத்த வார்த்தையைத் தூக்கிப் போட்டுட்டுப் போறே. அது பாராட்டா, கொட்டாவியா?"

இந்த எரிச்சலில் பிறந்ததுதான் அக்கா ஆண்டுதோறும் நடத்தும் விமர்சனப் போட்டி. எழுதிச் சம்பாதிக்கிறவர்களுக்கு அனுமதி இல்லை. சும்மா படிக்கிறவர்கள் மட்டும், அக்கா அறிவிக்கும் ஒரே கதையைப் படித்து விமர்சனம் எழுதி அனுப்ப வேண்டும். விதி ஒன்றே ஒன்று: புகழ்ந்தாலும் திட்டினாலும், அதற்குக் காரணமான படக்கட்டத்தைக் காட்டியாக வேண்டும். காட்டாதவர்களுக்கு அக்காவிடமிருந்து ஒற்றை வரியில் பதில் போகும்: 'எந்தக் கட்டத்துல?' அதனாலேயே போட்டிக்காரர்களிடையே அவருக்குக் 'கட்டம் அக்கா' என்று பெயர். முதல் பரிசு, கடையிலிருந்து ஒரு நல்ல கண்ணாடி ஃப்ரேம். வேறென்ன கொடுப்பார்?

இந்த ஆண்டுப் போட்டிதான் அக்காவைப் பாடாய்ப் படுத்திவிட்டது. 'குடைக்கம்பி' என்ற பெயரில் யாரோ வரையும், வசனமே இல்லாத ஒரு கதை. தம்பியா, தங்கச்சியா, யாருக்கும் தெரியாது. இடிக்கப்போகும் கட்டடத்தில் வயதான லிஃப்ட்காரர் ஒருவர். முதல் அத்தியாயத்தில் மொட்டைமாடிக் கதவைப் பூட்டுகிறார். அப்புறம் அத்தியாயத்துக்கு ஒரு மாடியாகப் பூட்டிக்கொண்டே இறங்குகிறார். மூன்றாவது மாடியோடு கதை நின்றுபோயிற்று. கீழே ஓர் அறிவிப்பு: 'இதை எப்படி முடிப்பதென்று தெரியவில்லை. படிக்கிறவர்களுக்கும் சொல்ல எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை. மாதக் கடைசியில் எல்லாவற்றையும் அழித்துவிடுகிறேன்.'

அது அக்காவுக்கு அவ்வளவு பிடித்த கதை. உடனே அதையே போட்டிக்குரிய கதையாக அறிவித்தார். 'போட்டி முடிவு வர்ற வரைக்கும் அழிச்சிடாதீங்க கண்ணு' என்று குடைக்கம்பிக்கும் எழுதினார். 'மாதக் கடைசி வரை' என்று மட்டும் பதில் வந்தது.

விமர்சனங்கள் குவிந்தன. நடுவர்கள் அக்காவோடு சேர்த்து மூன்று பேர். நாத்தனார் பள்ளிக்கூடத்தில் ஓவிய ஆசிரியை. இன்னொருவர் பக்கத்து மருந்துக்கடைக்காரர். மதிய இடைவேளையில் கடைக்குள் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தபோது நாத்தனார் விழுந்து விழுந்து சிரிக்க ஆரம்பித்தாள்.

"அண்ணி, இந்த ஆளு கதையைத் தலைகீழா படிச்சிருக்காரு!"

உண்மைதான். அந்த இணையதளத்தில் புது அத்தியாயம் மேலே இருக்கும், பழையது அடியில் கிடக்கும். மனிதர் மேலே இருந்ததை முதல் அத்தியாயம் என்று நினைத்து ஆரம்பித்து, கடைசியில் முதலுக்கு வந்து சேர்ந்திருக்கிறார். அவர் படித்த கதையில் கிழவர் இறங்கவில்லை. மூன்றாவது மாடியிலிருந்து ஒவ்வொரு கதவாகத் திறந்துகொண்டே ஏறுகிறார். 'மொட்டைமாடிக் கதவின் பூட்டில் சாவி நிற்கும் அந்தக் கட்டத்தில் அவர் விரல்களைப் பாருங்கள். இந்தக் கதவைத் திறக்கத்தான் இவ்வளவு தூரம் ஏறி வந்திருக்கிறார்' என்று உருகி எழுதியிருந்தார்.

"தூக்கிப் போடுங்கக்கா, கதையே புரியல இவருக்கு" என்றார் மருந்துக்கடைக்காரர்.

அக்கா சிரிக்கவில்லை. போனை எடுத்து அந்தக் கட்டத்தைப் பெரிதாக்கினார். மூடிய கதவு, பூட்டில் சாவி, சாவியைப் பிடித்த விரல்கள். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு நாத்தனார் முன்னால் வைத்தார்.

"பூட்டுறாருன்னு எங்க இருக்கு? காட்டு."

"முதல் அத்தியாயம் அண்ணி இது, பூட்டத்தானே..."

"அது உனக்குத் தெரியும். படத்துல எங்க இருக்கு?"

நாத்தனார் கட்டத்தை இழுத்துப் பார்த்தாள், சுருக்கிப் பார்த்தாள். மருந்துக்கடைக்காரரும் எட்டிப் பார்த்தார். அடுத்த கட்டம், அதற்கடுத்த மாடி என்று இருவரும் எல்லாப் பூட்டுகளையும் துழாவினார்கள். எந்தக் கதவிலும் பூட்டுகிறார் என்று காட்ட முடியவில்லை. முதல் பரிசு அந்தத் தலைகீழ் ஆசாமிக்கே போயிற்று. தனக்குப் பார்வை நன்றாகத்தான் இருக்கிறது, கண்ணாடி தேவைப்படாது என்று அவர் எழுத, "அதை நாங்க முடிவு பண்றோம்" என்றாள் நாத்தனார்.

அக்கா அந்த விமர்சனத்தைக் குடைக்கம்பிக்கு அனுப்பினார். அனுப்பிய பிறகுதான் யோசனை வந்தது. 'பரிசு வாங்கினவனே ஒழுங்கா படிக்கலையே' என்று அந்தப் பிள்ளை மனம் வெறுத்துவிட்டால்? கணவரும் தன் பங்குக்கு, "அழிக்கிறதுக்கு நீயே ரப்பர் எடுத்துக் குடுத்துட்டே" என்றார். பதில் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. அக்கா வலது கண்ணுக்குரிய லென்ஸை இடது பக்கம் மாட்டிக் கொடுத்து, வாடிக்கையாளரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். அவர் வாழ்க்கையில் அப்படி நடந்ததே இல்லை.

மாதத்தின் கடைசி நாள். நாற்காலியில் ஒருவர், ஒரு கண்ணை மறைத்தபடி. அக்காவின் போன் சிணுங்கியது. குடைக்கம்பியின் பெயர் தெரிந்தது. திறந்தால் கதை இருக்குமா, அழிந்திருக்குமா? அக்காவுக்குப் பார்க்கத் தைரியம் வரவில்லை. விரலால் தட்டி, முகத்தைத் திருப்பிக்கொண்டு, போனை நாற்காலிக்காரர் முன்னால் நீட்டினார்.

"என்ன தெரியுது? படிங்க."

அவர் இதுவும் சோதனைதான் போலிருக்கிறது என்று நினைத்து, ஒற்றைக் கண்ணால் கூர்ந்து பார்த்தார்.

"ஒரு லிஃப்ட் தெரியுது. மூணாவது மாடின்னு போட்டிருக்கு. அதுக்கு அடுத்த படத்துல நாலுன்னு இருக்கு."

"நாலா? ரெண்டு இல்லையே? நல்லாப் பாருங்க சார்!"

"நாலுதாம்மா. பெரியவர் ஒருத்தர் கதவை விரியத் திறந்துட்டு நிக்கிறாரு. உள்ளயிருந்து வெளிச்சம் வருது."

அக்கா "ஹோ!" என்று ஒரு கூச்சல் போட்டார். பிறகு திரும்பி, மருந்துக்கடைப் பக்கத்துச் சுவரை இரண்டு உள்ளங்கைகளாலும் ஓங்கி ஓங்கி அறைய ஆரம்பித்தார். வரிசையாக மாட்டியிருந்த ஃப்ரேம்கள் அத்தனையும் குலுங்கின.