ஆர்லிஸின் மஞ்சள் டிரெய்லர்

ஆர்லிஸ் வோந்த்ராச்செக்குக்கு அறுபத்து நான்கு வயது. நெப்ராஸ்காவின் சோளக்காடுகளுக்கு நடுவே இருக்கும் அந்தச் சின்ன ஊரில் முப்பத்தோரு வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவள். முழங்கால் அளவு பனி விழுந்த நாளிலும் ஒரு பிள்ளையைக்கூடத் தாமதமாக இறக்கிவிட்டதில்லை. ஊரில் பாதிப் பேர் அவள் பேருந்தில் கட்டிப் புரண்டு சண்டை போட்டு, கண்ணாடியில் அவள் ஒரு முறை முறைத்ததும் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தவர்கள்தான். அதே ஆட்கள் இன்று தாடி வளர்த்து, தோல் சட்டை மாட்டிக்கொண்டு, அவளுக்கு வண்டி ஓட்டப் பாடம் எடுக்கிறார்கள். எரிச்சல் வராமல் என்ன செய்யும்?

அவள் ஓட்டுவது சாதாரண பைக் இல்லை. ஆறு சிலிண்டர், நானூறு கிலோ, பின்னால் உட்காருபவருக்குக் கைவைத்த சோபா மாதிரி இருக்கை. இருபத்திரண்டு வருடம் அதை அவள் கணவர் டெல்மர்தான் ஓட்டினார். ஆர்லிஸ் பின்னால் ஏறி, சரியாக உட்கார்ந்ததும் அவர் தோளில் இரண்டு தட்டு தட்டுவாள். அது விழாமல் டெல்மர் வண்டியை ஓர் அங்குலம் நகர்த்த மாட்டார்.

பிறகு டெல்மரின் இடுப்பு கெட்டது. அறுவை சிகிச்சையும் சரியாக அமையவில்லை. பிடித்து நடக்க ஒரு வாக்கர் வந்தது, தூங்கும்போது மூச்சுக்கு ஒரு மெஷினும் வந்தது. பைக்கை விற்றுவிடலாம் என்றாள் மகள். ஆர்லிஸ் போய் லைசென்ஸ் எடுத்து வந்தாள். அன்றிலிருந்து அவள் முன்னால், டெல்மர் பின்னால். தட்டுவது அவர் முறை.

வாக்கர், மெஷின், டெல்மர் ஏறுவதற்கான குட்டி ஸ்டூல் எல்லாவற்றையும் எங்கே வைப்பது? அதற்குத்தான் டிரெய்லர். இரண்டு சின்னச் சக்கரத்தின் மேல் மூடி போட்ட ஒரு பெட்டி. அதன் முன்தண்டைப் பைக்கின் பின்கொக்கியில் மாட்டி இழுத்துப் போகலாம். டெல்மரே உட்கார்ந்தபடி அதற்குப் பேருந்து மஞ்சளில் பெயிண்ட் அடித்தார். "மிஸ் ஆர்லிஸ் இன்னும் ஸ்கூல் பஸ்ஸ விடலடா, கட்டி இழுத்துட்டுல்ல வருது" என்று ஊர் பைக் கிளப்பில் ஒரே கேலி. கேலி முடிந்த கையோடு, "இந்தக் கூடாரத்த மட்டும் ஒரு ஓரமா வெச்சுக்குங்களேன்" என்று நீட்டுவார்கள். பதினோரு பைக்காரர்களின் மடக்கு நாற்காலியும் மழைச்சட்டையும் அதில்தான் போகும், வரும். வெட்கம் கெட்டவர்கள்.

ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை காலை. தெற்கு டகோட்டா மலைக்கு வருடாந்தரப் பயணம். பெட்ரோல் பங்க்கில் எல்லோரும் காபியும், நடுவில் பழக்கூழ் வைத்த கொலாச்சி பன்னுமாக நின்றார்கள். சாமானெல்லாம் வழக்கம்போல மஞ்சள் பெட்டிக்குள் போயாகிவிட்டது. அப்போதுதான் கிளப்பின் புதுத் தலைவன் கர்ட் கையைத் தட்டினான்.

"எல்லாரும் கேளுங்க. இந்த வருஷம் டிரெய்லர் கிடையாது. போன வருஷம் ஹைவேயில அது என்னா ஆட்டம் ஆடுச்சுன்னு எல்லாரும் பாத்தீங்க. ஓட்டத் தெரிஞ்சவங்க ஓட்டணும். சாமானெல்லாம் என் மச்சான் பிக்கப் டிரக்ல வரும்." ஒரு வாய் காபி குடித்துவிட்டுச் சேர்த்தான். "டெல்மரும் அதுலயே வந்துரட்டும். சாமானுக்குத் துணையா."

சிலர் சிரித்தார்கள். டெல்மரும் சிரித்தார்.

"அதுவும் நல்லதுதாம்மா. பிக்கப்ல ஏசி இருக்கும். நீ நிம்மதியா ஓட்டு" என்றார்.

முப்பத்தெட்டு வருடக் குடித்தனத்தில் அவர் சொன்ன பொய்களிலேயே மட்டமான பொய் அது. இன்று அவர் பிக்கப்பில் ஏறினால் அத்தோடு சரி. அடுத்த வருடம் அவருக்கு வீட்டு ஜன்னல்தான்.

ஆர்லிஸ் போய் டிரெய்லரைப் பைக்கிலிருந்து கழற்றினாள்.

"கர்ட்டு, இங்க வா. இந்த முன்தண்டத் தூக்கு."

"எதுக்கு மிஸ் ஆர்லிஸ்?"

"தூக்குடான்னா தூக்கு."

மூன்றாம் வகுப்பில் அவள் பேருந்தில் வாந்தி எடுத்தவன் அவன். தூக்கினான்.

"கனமா இருக்கா?"

"இருக்கு."

அவள் மூடியைத் திறந்து, முன்பக்கம் இருந்த அவனுடைய நீல ஐஸ்பெட்டியை இழுத்து வால்பக்கம் வைத்தாள்.

"இப்பத் தூக்கு."

தண்டு ஒற்றை விரலுக்கு எழுந்தது. கர்ட் விரலைப் பார்த்தான்.

"முன்பாரம் கொறைஞ்சா வால் ஆடும். போன வருஷம் இதே பங்க்ல நான் டெல்மர பாத்ரூமுக்குக் கூட்டிட்டுப் போன நேரத்துல, மூடியத் திறந்து வால்பக்கம் ஐஸ்பெட்டியச் சொருகினது யாரு?"

"அந்த நீலப் பெட்டியா? கர்ட்டோடதுதானே" என்றாள் வாய் நிறைய பன்னோடு ஒருத்தி.

"அந்த ஆட்டத்துல பிரேக்கத் தொடாம, ஆக்ஸிலேட்டர மெல்ல விட்டு வண்டிய நிறுத்தினது நான். பின்னாடி உக்காந்திருந்தது என் புருஷன். ஊருக்குப் போனதும் எல்லார்கிட்டயும் சொல்லிடுவேன்னேன், 'விடும்மா, பாவம்'னு என் வாய அடைச்சதும் இவருதான். இவரா ஒனக்குச் சாமானுக்குத் துணை?"

கர்ட்டின் காது சிவந்துவிட்டது. "தெரியாமப் பண்ணிட்டேன். சரி, வாங்க. ஆனா டிரெய்லர் வரிசையில கடைசியாத்தான் வரணும்..."

ஆர்லிஸ் காதில் வாங்கவில்லை. கூடாரம், நாற்காலி, மழைச்சட்டை, ஐஸ்பெட்டி என்று ஒவ்வொன்றாக எடுத்துத் தார்த்தரையில் அடுக்கினாள்.

"மிஸ் ஆர்லிஸ், மச்சான் மத்தியானம்தான் வருவான்!"

"காத்திரு."

வாக்கரையும் மெஷினையும் முன்னால் நகர்த்திக் கட்டினாள். டிரெய்லரை மாட்டினாள், பாதுகாப்புச் சங்கிலியைக் குறுக்காகப் போட்டாள், பின்விளக்கு எரிகிறதா என்று பார்த்தாள். பைக்கில் ஏறி, இரண்டு காலையும் அழுத்தமாக ஊன்றிக்கொண்டாள். டெல்மர் ஸ்டூலுக்குப் பக்கத்தில் நின்றபடியே இருந்தார்.

"நான் ஒனக்குப் பாரந்தாம்மா."

"ஆமா, பாரந்தான். எந்தப் பாரத்த எங்க வெக்கணும்னு எனக்குத் தெரியும். ஏறு."

அவர் ஏறினார். ஏறி முடிக்க நேரமானது. யாரும் சிரிக்கவில்லை. கர்ட் குனிந்து ஸ்டூலை எடுத்து, டிரெய்லருக்குள் முன்பக்கமாக வைத்து மூடியைப் பூட்டினான். அவள் திரும்பிப் பார்க்கவில்லை, நன்றியும் சொல்லவில்லை.

இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. தோளில் ஒன்றும் விழவில்லை.

"டெல், நீ தட்டினாத்தான் எடுப்பேன். சாயங்காலம் வரைக்கும் இப்படியே நிப்பேன், தெரியும்ல?"

அவர் மூக்கை உறிஞ்சும் சத்தம் ஹெல்மெட்டுக்குள் கேட்டது. பிறகு தோளில் இரண்டு தட்டு விழுந்தது. வலிக்கிற அளவுக்குப் பலமாக.

பதினோரு பைக்குகளுக்கும் முன்னால், மஞ்சள் டிரெய்லரை இழுத்துக்கொண்டு, அவள் ஹைவேயில் ஏறினாள்.