வெள்ளரளி பூக்காத வெள்ளிக்கிழமைகள்

போன மாதம் நாமக்கல்லிலிருந்து சேலத்துக்குப் பேருந்தில் வந்தேன். அஸ்தம்பட்டியில் கண் மருத்துவரைப் பார்க்க வேண்டியிருந்தது. இந்த வயதில் பயணம் என்றாலே யாராவது ஒரு மருத்துவரிடம்தானே. நான்குவழிச் சாலையின் நடுவில் வழிநெடுக அரளி, கேட்பாரில்லாமல் பூத்துக் கிடந்தது. லாரிப் புகையில் வெள்ளைப் பூ பழுப்பேறியிருந்தது என் கண்ணுக்கே தெரிந்தது.

எங்கள் பக்கத்தில் அரளி அம்மன் பூ. அதன் பால் விஷம், ஆடுகூடக் கடிக்காது. பெண்கள் தலையில் சூட மாட்டார்கள். "ஆருக்கும் ஆவாததுனாலதான் அது முச்சூடும் அவளுக்கு" என்பார் கோயில் பூசை செய்யும் பண்டாரம். மல்லிகையில் நமக்கும் பங்குண்டு, அரளியில் கிடையாது. வாக்குக் கேட்க அதை எடுத்ததும் அதனால்தான் போலும். வெள்ளரளி ஒன்று, செவ்வரளி ஒன்று, தனித்தனியே இலையில் மடித்து அம்மன் முன்னால் போடுவார்கள். ஒரு குழந்தை ஒன்றை எடுக்கும். வெள்ளை வந்தால் செய்யலாம், சிவப்பென்றால் கூடாது. கிணறு வெட்டவும் மாடு வாங்கவும்கூடப் பூக் கேட்ட ஊர் அது.

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். அக்காவுக்கு எடப்பாடிப் பக்கத்திலிருந்து ஒரு மாப்பிள்ளை வந்தது. வற்றாத கிணறு, இறந்துபோன முதல் மனைவி, அக்கா வயதில் ஒரு மகள். அப்பாவுக்குக் கிணறு பிடித்துப்போயிற்று. அக்காவை யாரும் கேட்கவில்லை, பூவைக் கேட்பதென்று முடிவாயிற்று. இலைப் பொட்டலத்தை எடுக்க வேண்டிய குழந்தை நான். பெருமை பிடிபடவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் போய்ப் பார்த்தால் செடியில் ஒரு வெள்ளைப் பூ இல்லை, மொட்டுமில்லை. ஊரிலேயே வெள்ளரளி எங்கள் தோட்டத்தில்தான் உண்டு, அதுவும் என் உயரச் செடி. சிவப்பு மட்டும் வேலியோரம் கொத்துக் கொத்தாக நின்றது. அடுத்த வெள்ளியும் அப்படியே.

"என்ன புள்ள இது, பூச்சி கீச்சி உழுந்துருச்சா?" என்றார் அப்பா.

"பூச்சிக்கு வெள்ளைதான் புடிக்குமாட்ட இருக்குதுங்க" என்றாள் அக்கா, கம்பு புடைத்தபடியே.

"சரி, பக்கத்தூருல நாலு பூ வாங்கியாறேன்."

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டார். அம்மா அக்காவின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். விரலெல்லாம் உமி ஒட்டியிருந்தது. விடியுமுன் எழுந்து பூவையும் மொட்டையும் கிள்ளிப் போட்டவளின் கையில் அரளிப் பால் காய்ந்த பிசுக்கு. எனக்கு இது புரிய வெகுகாலம் ஆயிற்று. அம்மாவுக்கு அந்தக் கணமே போதுமாயிருந்தது. செம்பில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினாள்.

"கையக் களுவு சாமி. கண்ணுல பட்டுறப் போவுது."

பிறகு அப்பாவிடம் திரும்பினாள். "ஏனுங்க, நம்மூட்டுச் செடி குடுக்காத பூவை அடுத்தூருல வாங்கியாந்து கேட்டா, அது நம்ம புள்ளைக்குச் சொல்ற வாக்காவுமுங்களா? ஆத்தாளுக்கு இஷ்டமில்லீங்க. உட்டுருங்க."

அப்பா செடியை வெகுநேரம் பார்த்தார். துண்டைத் திரும்பக் கொடியில் போட்டார். எடப்பாடிக்கு ஆள் போய்ச் சொல்லி வந்தது. பொட்டலம் எடுக்கக் கிடைக்கவில்லையே என்று நான் அழுதேன். அக்காதான் வெல்லம் கொடுத்து அடக்கினாள்.

பிற்பாடு அவள் சூரமங்கலத்து ரயில்வேக்காரர் ஒருவரைக் கட்டிக்கொண்டு, சண்டையும் சிரிப்புமாக வாழ்ந்து, போய்ச் சேர்ந்தாள். அம்மாவும் இல்லை. தோட்டத்தின் மேல்தான் இந்தச் சாலை போகிறது என்று எழுதினால் நன்றாயிருக்கும். அப்படியில்லை, விற்று மனை பிரித்துவிட்டோம்.

பேருந்து எதற்கோ நின்றது. ஜன்னலுக்கு வெளியே கண்ணெட்டும் மட்டும் வெள்ளை. இத்தனையையும் கிள்ளித் தீர்க்க அக்கா எத்தனை விடியலுக்கு எழுந்திருக்க வேண்டும் என்று நினைத்தேன். நினைக்கவே அசதியாக இருந்தது. கண்ணை மூடிக்கொண்டேன்.