ஆறிப்போன அடுப்பில் வயதான கேபிள்

பம்மல் தாண்டும்போதே சட்டை நனைந்துவிட்டது. பையில் இரண்டு லுங்கி, ஒரு போர்வை. ஒரு மழைக்காலத்திலிருந்து அடுத்த மழைக்காலம் வரை நான் ஓரிடத்தில் தங்கியதென்றால் அது அனகாபுத்தூர் சோதனைக்கூடத்தில்தான். அதையும் விட்டுவிட்டுத் தாம்பரம் பார்த்து நடந்துகொண்டிருந்தேன்.

அங்கே எங்கள் வேலை, கேபிளைக் கிழவனாக்குவது. வெளிமாநிலத்து அணுமின் நிலையம் ஒன்றில் நெடுங்காலம் கிடந்த கேபிள் துண்டுகள் எங்களிடம் வரும். உறையை உரித்து மின் அடுப்பில் தொங்கவிடுவோம். அந்தச் சூட்டில் சில வாரம் கிடந்தால், நிலையத்தில் பல வருடம் கிடந்ததற்குச் சமம் என்பது கணக்கு. பிறகு இயந்திரத்தில் மாட்டி இழுப்போம். ரப்பர் மாதிரி நீண்டால் இன்னும் ஆயுள் இருக்கிறது. பட்டென்று அறுந்தால் முடிந்தது. எட்டாவதோடு நின்ற எனக்கு இவ்வளவுதான் புரிந்தது. வேலைக்கு அது போதும்.

அடுப்பு எரிந்த நேரத்தைக் காட்ட ஒரு மீட்டர் உண்டு. போன வெள்ளத்தில் கூடத்துக்குள் தண்ணீர் ஏறியபோது அவசரமாக ஒயரிங் மாற்றியவர், அதை விளக்குகளோடு இன்வெர்ட்டரில் சேர்த்துவிட்டார். கரண்டு போய் அடுப்பு ஆறினாலும் மீட்டர் மட்டும் ஓடும். யாரும் கவனிக்கவில்லை.

சனிக்கிழமை மதியம் மழையில் கரண்டு போனது. கூடத்திலேயே படுப்பவன் நான் ஒருவன்தான். ஞாயிறு காலை அடுப்புக் கதவில் கை வைத்தேன். எப்போதும் விரல் பட்டாலே சுடும் கதவு. அன்று வைத்த கை வைத்தபடி இருந்தது. மேலே மீட்டர் ஓடிக்கொண்டிருந்தது.

எங்கள் இன்ஜினியருக்குப் போன் செய்தேன். மேடம் என்றால் பிடிக்காது, அக்காதான். திங்கட்கிழமை கோவிலம்பாக்கத்திலிருந்து நனைந்துகொண்டே ஸ்கூட்டியில் வந்தார். அதற்குள் கரண்டு வந்து அடுப்பு சூடாகியிருந்தது. முதலாளியும் வந்திருந்தார்.

"நீ தொட்டுப் பாத்தியா?" என்றார் அக்கா.

"கைய வெச்சுகினே நின்னேன்க்கா. ஜில்லுனு இருந்துச்சு."

முதலாளி சிரித்தார். "இவன் கை என்ன தெர்மாமீட்டரா? மூடின அடுப்புலேர்ந்து சூடு எங்க ஓடிடும், வண்டலூர் ஜூவுக்கா?"

"முதல்லேர்ந்து வெக்கணும் சார்," என்றார் அக்கா.

"இன்னிக்கு ரிப்போர்ட் போனாதான் அவங்க நிலையத்தைத் திரும்ப ஓட்டுவாங்க. இப்ப இழுத்துப் பாத்தாச்சு, துண்டு நல்லா நீளுது. வேற என்ன வேணும்?"

"நீளத்தான் செய்யும். வேகவே இல்லையே சார்." அக்கா மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். "இது மட்டும் இல்ல. வெள்ளத்துக்கு அப்புறம் நாம அனுப்பின எல்லாமே..."

முதலாளி அவரை அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

வெளியே வந்தபோது அக்கா என் முகத்தைப் பார்க்கவில்லை. முதலாளிதான் பேசினார். "கரண்டு போகவே இல்ல. யார் கேட்டாலும் அதான். இங்கயே இருந்துக்கலாம்."

நான் போர்வையை மடித்தேன். கிளம்பும்போது ரிப்போர்ட்டை எடுக்க வாசலில் கூரியர் வண்டி நின்றது.

குரோம்பேட்டையில் ஒரு கடைக் கூரைக்குக் கீழே ஒதுங்கியபோது போன் வந்தது.

"போட்டுட்டேன் தம்பி," என்றார் அக்கா. கையெழுத்தைச் சொல்கிறார்.

"அந்தக் கேபிள் அங்க எதுக்குப் போவுதுக்கா?"

போனில் மழை இரைந்தது. அவர் பக்கத்து மழையா, என் பக்கத்து மழையா தெரியவில்லை.

"உலை மிஞ்சி சூடாச்சுன்னா தண்ணி அடிக்கிற பம்புக்கு," என்று சொல்லி வைத்துவிட்டார்.

இரவு தாம்பரம் ஸ்டேஷனில் படுத்தேன். காலையில் மேற்குத் தாம்பரத்தில் ஒரு பேக்கரியில் ஆள் கேட்டார்கள்.

"முன்னாடி இன்னா வேலை?" என்றார் மாஸ்டர்.

"அடுப்புலதான்ணா."

"இன்னா வேவும்?"

"ஒயரு."

கிண்டல் என்று நினைத்துச் சிரித்தார். "இங்க கரண்டு போனா உடனே குரல் குடு மச்சான். பன்னு வேகலைன்னா வாங்கினவன் சாயங்காலமே வந்து மூஞ்சில அடிப்பான்."

சரி என்றேன். அடுப்புக் கதவில் கை வைத்துப் பார்த்தேன். சுட்டது. கையை உதறிவிட்டு முதல் தட்டை உள்ளே தள்ளினேன்.