மூன்று டக்கு வைத்த பாவாடை

புது மில் துணியை முதல் தடவையாகத் தண்ணீரில் அமுக்கும்போது ஒரு வாடை கிளம்பும். புளித்த கஞ்சியும் மண்ணெண்ணெயும் கலந்தாற்போன்ற அந்த வாடை மற்றவர்களுக்கு எப்படியோ, எனக்கு இன்றைக்கும் அதை மோந்தால் மே மாதத்து வெயிலும் எங்கள் பரளச்சி வீட்டு முற்றமும், பித்தளை அண்டாவுக்குள் கருநீலத் துணியை அமுக்கிக்கொண்டு குனிந்து நின்ற அம்மாவும்தான் நினைவுக்கு வரும். அறுபதுகளின் பின்பாதியில், நான் எட்டாம் வகுப்பு முடித்து, அருப்புக்கோட்டை டவுனில் ஒன்பதாம் வகுப்பு சேர இருந்த கோடைக்காலம் அது. எங்கள் தெருவில் விவசாய வீட்டுப் பெண்பிள்ளை ஒருத்தி ஐஸ்கூலுக்குப் போவது அதுதான் முதல் தடவை.

அப்பாவை நாங்கள் அய்யா என்றுதான் கூப்பிடுவோம். அய்யா என்னை அனுப்ப ஒப்புக்கொண்டதே பெரிய காரியம். "ஒரு வருசம் போகட்டும், பெறகு பாத்துக்கிடலாம்" என்று அவர் சொன்னதில் அந்த ஒரு வருசம் மட்டும்தான் நிச்சயம், மிச்சமெல்லாம் சந்தேகம் என்பது எனக்கே தெரியும். அம்மா மறுநாளிலிருந்து வேலையை ஆரம்பித்துவிட்டாள்.

எங்கள் பக்கத்தில் தண்ணீர் இரண்டு வகை. கிணற்றில் இறைப்பது "உப்புத் தண்ணி", ஊருணியில் மொண்டு வருவது "நல்ல தண்ணி". கோடையில் நல்ல தண்ணி ஒரு குடம் கொண்டுவர மைல் கணக்கில் நடக்க வேண்டும், குடிக்கவும் சோறாக்கவும் தவிர வேறு எதற்கும் யாரும் தொடமாட்டார்கள். அம்மா அந்த நல்ல தண்ணியில் ஒரு முழுக் குடத்தை அண்டாவில் கவிழ்த்துத்தான் என் சீருடைத் துணியை நனைத்தாள். தைத்த பிறகு சுருங்கக் கூடாது, உப்பு ஏறி வெளுக்கவும் கூடாது என்பது அவள் கணக்கு. மைத்தூள் கரைப்பதற்கும் அப்படித்தான். உப்புத் தண்ணியில் கரைத்தால் மை திரிதிரியாகிப் பேனா அடைத்துக்கொள்ளும் என்று கடைக்காரர் வீட்டு அக்கா சொன்னதைக் கேட்டு, ஒரு செம்பு நல்ல தண்ணியைத் துணியால் வேடுகட்டித் தனியாக எடுத்து வைத்தாள். அவளுக்குக் கையெழுத்துப் போடக்கூடத் தெரியாது. அந்தச் செம்பைத் தம்பி தெரியாமல் எடுத்துக் குடித்துவிட்டு வாங்கிய அடியை அவன் இன்றைக்கும் சொல்லிக் காட்டுவான்.

அந்தக் கடைக்காரர் வீட்டு அக்கா எனக்கு ஒரு வகுப்பு மூத்தவள். ஒன்பதாம் வகுப்புப் புத்தகங்களைப் பாதி விலைக்கு அவளிடம்தான் வாங்கினோம். அந்தக் காலத்தில் மேல்வகுப்புப் பிள்ளைகள் பரீட்சை எழுதி முடிக்கும் முன்பே "சொல்லி வைத்து"விட வேண்டும், இல்லாவிட்டால் வேறு யாராவது கொத்திக்கொண்டு போய்விடுவார்கள். அம்மா தைப்பொங்கலுக்கே சொல்லி வைத்துவிட்டாள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிய வந்தது. அய்யா ஒப்புக்கொண்டதோ சித்திரையில்!

துணி காய்ந்ததும் தையல்காரரிடம் போனோம். கூட அத்தையும் வந்தாள். அய்யாவுக்கு மூத்தவள், எம்.ரெட்டியபட்டியில் வாழ்க்கைப்பட்டவள், மிளகாய் வத்தல் காம்பு கிள்ள ஒத்தாசையாக அந்த வாரம் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். அய்யா வம்சத்தில் எல்லோருமே நெடுநெடுவென்று உயரம். அத்தை வாசல் நிலையில் குனிந்துதான் நுழைவாள். வளர்கிற பிள்ளைக்குப் பாவாடை தைக்கும்போது நீளமாகத் தைத்து, அதிகப்படி துணியைக் குறுக்கே மடித்துத் தையல் போட்டுவிடுவார்கள். அதற்கு "டக்கு" என்று பெயர். பிள்ளை வளர வளர வருசத்துக்கு ஒரு டக்காகப் பிரித்துவிட்டால் பாவாடையும் கூடவே இறங்கும். பெண்பிள்ளைகளுக்கு ஒரு டக்குதான் வழக்கம். அதைப் பிரிக்கும் காலம் வருவதற்குள் பெரும்பாலும் பள்ளிக்கூடமே நின்றுபோயிருக்கும்.

"மூணு டக்கு வச்சுத் தைங்கண்ணே" என்றாள் அம்மா.

தையல்காரர் மிஷினை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். "மூணா? பொம்பளப் பிள்ளைக்கு ஒண்ணு போதாதா தாயி?"

"அவுக வம்சத்து உசரம் உங்களுக்குத் தெரியாதாண்ணே? மதினி, இப்படிச் செத்த வந்து நில்லுங்க. உங்க இடுப்புலருந்து கரண்டைக்கால் வரைக்கும் அளந்துகிடட்டும்."

தன் உயரத்தை யாராவது மெச்சினால் அத்தைக்கு உச்சி குளிர்ந்துவிடும். "எம் மருமவ என்னைய மாதிரிதாம்ல வளருவா" என்று சொல்லிக்கொண்டே விறைப்பாக நின்று அளவு கொடுத்தாள். பாவாடை தயாராகி வந்தபோது அடிப்பக்கம் மூன்று வரப்பு போட்டாற்போல இருந்தது. கனம் தாங்காமல் நான் நாலு நாள் தடுக்கித் தடுக்கி நடந்தேன்.

ஒன்பதாம் வகுப்பு நன்றாகத்தான் போனது. முழுப் பரீட்சை முடிந்த வாரத்தில் நான் பெரிய மனுஷியானேன். தலைக்குத் தண்ணீர் ஊற்றி, சடங்கு முடிந்து, சொந்தக்காரர்கள் கிளம்பிப் போன பிறகும் அத்தை மட்டும் போகவில்லை. அவளுக்குக் கல்யாண வயதில் ஒரு மகன் இருந்தான். அய்யா முற்றத்து வேப்பமர நிழலில் கயிறு திரித்துக்கொண்டிருந்த ஒரு பிற்பகலில் அத்தை பேச்சை எடுத்தாள்.

"தம்பி, போதும்ப்பா படிச்சது. எங்க வீட்டுக்கு வரப்போற பிள்ள, பஸ்ஸுல டவுனுக்குப் போயி வந்தா ஊரு நாலு விதமாப் பேசும்."

அய்யா கயிற்றைத் திரித்துக்கொண்டே இருந்தார். அவர் வாய் திறக்காமல் இருந்தாலே பாதிக்குமேல் சம்மதம் என்று அர்த்தம். நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். சொல்லி வைத்திருந்த பத்தாம் வகுப்புப் புத்தகங்கள் முதல் நாள்தான் வீடு வந்து சேர்ந்திருந்தன.

அம்மா உள்ளே வந்தாள். என்னைப் பார்க்கவில்லை. கொடியில் கிடந்த நீலப் பாவாடையை உருவிக்கொண்டு, மாடக்குழியிலிருந்து பழைய பிளேடு ஒன்றை எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போய், அவர்கள் இருவருக்கும் எதிரே உட்கார்ந்து டக்கைப் பிரிக்க ஆரம்பித்தாள். நூல் அறுபடும் சத்தம் எனக்குக் கேட்டது.

அய்யா கயிறு திரிப்பதை நிறுத்தினார். "எத்தனை டக்கு வச்சிருக்க?"

"மூணு."

"ஒரு வருசம்னுதான சொன்னேன். யாரக் கேட்டு மூணு வச்ச?"

அம்மா தலை நிமிராமலே சொன்னாள்: "மதினி உசரத்துக்குத்தான் வச்சேன். அவுகளேதான் வந்து நின்னு அளவு குடுத்தாக."

அய்யா அத்தையைப் பார்த்தார். அத்தை வேப்பமரத்தைப் பார்த்தாள். அய்யாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரித்து நான் அதிகம் கண்டதில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொள்ளும் அளவுக்குச் சிரித்தார்.

"ஏன்க்கா, நீயே நின்னு அளவையும் குடுத்துப்புட்டு இப்ப வேணாங்கிறயே! தச்ச துணிய என்ன செய்யச் சொல்லுத?"

"நா அதுக்கா நின்னேன்..." என்று அத்தை முணுமுணுத்தாள். அன்று மாலை பஸ்ஸுக்கே ஊருக்குக் கிளம்பிவிட்டாள். ஆனால் மனதில் வைத்துக்கொள்ளவில்லை, அடுத்த தடவை வந்தபோது எனக்கு ரிப்பன் வாங்கி வந்தாள். அவள் மகனுக்கு வேறு இடத்தில் பெண் பார்த்தார்கள்.

நல்ல தண்ணியில் நனைத்ததெல்லாம் முதல் நாளோடு சரி. வருசம் முழுக்க உப்புத் தண்ணியில் துவைத்துத் துவைத்துப் பாவாடை சாம்பல் நிறத்துக்கு வந்திருந்தது. டக்குக்குள் ஒளிந்திருந்த துணி மட்டும் பளிச்சென்று கருநீலமாக, கரை போட்டாற்போல வெளியே தெரிந்தது. பள்ளிக்கூடத்தில் "ரெண்டு கலர் பாவாடை" என்று கேலி செய்தார்கள். வெட்கமாகத்தான் இருந்தது. அதற்காகப் பாவாடையை மாற்றித் தரச் சொல்ல மனம் வரவில்லை.

அடுத்த கோடையில் படிப்பை நிறுத்தும் பேச்சை யாரும் எடுக்கவில்லை. அய்யாவே ஒருநாள் புது பிளேடு வாங்கி வந்து, "இந்தா, அடுத்ததப் பிரி" என்று அம்மாவிடம் கொடுத்தார்.

அந்தக் காலத்தில் பள்ளிக்கூடத்தின் கடைசி வகுப்பான பதினோராம் வகுப்பு தேறினேன். மூன்றாவது டக்கு அப்படியே இருந்தது. டவுன் பள்ளிக்கூடத்தில் நான் படிக்க இருந்ததோ மூன்றே வகுப்பு, அதற்குப் பிரிக்க இரண்டு டக்கு போதும். மூன்றாவதை எதற்கு வைத்தாய் என்று அம்மாவிடம் கேட்டேன்.

"ஏன், அதுக்குமேல படிக்க மாட்டியாக்கும்?" என்றாள்.

மேலே படிக்கிற எல்லாப் பள்ளிக்கூடத்துக்கும் அதே நீலப் பாவாடைதான் என்று நினைத்திருக்கிறாள்! ஆசிரியப் பயிற்சியில் சேர்ந்தபோது வெள்ளைச் சேலைதான் உடுத்த வேண்டும் என்று தெரிந்து அவளுக்கு ஏமாற்றமாகப் போய்விட்டது. "ஒரு டக்கு மிச்சம் கெடக்கே" என்று கொஞ்ச நாள் சொல்லிக்கொண்டே இருந்தாள். அத்தை உயரத்துக்கு நான் வளரவும் இல்லை. அம்மாவின் உயரத்தோடு நின்றுவிட்டேன்.

முப்பத்தைந்து வருசம் வாத்தியாரம்மாவாக இருந்து ஓய்வு பெற்றுவிட்டேன். போன மாதம் பக்கத்து வீட்டுப் பெண் ஒன்பதாம் வகுப்புச் சீருடை எடுத்து வந்து காட்டினாள். ரெடிமேட், அழகாகத்தான் இருந்தது. பழக்கதோஷத்தில் அடிப்பக்கம் தடவிப் பார்த்தேன். மடித்து அடித்திருந்தது அரை அங்குலம்கூட இல்லை. "அடுத்த வருசம் புதுசு எடுத்துக்குவோம் டீச்சர்" என்றாள். அடுத்த வருசம் பள்ளிக்கூடம் உண்டா என்று கேட்டுப் பழகாத பிள்ளை. நல்லதுதான். டக்கு வைக்கத் தெரிந்த தையல்காரர்களும் இப்போது இல்லை, வைக்கச் சொல்கிற தேவையும் இல்லை.

என் நீலப் பாவாடை பெட்டியில் இருக்கிறது. அம்மா போன பிறகு ஒருநாள் அந்த மூன்றாவது டக்கைப் பிரித்துப் பார்க்கலாம் என்று பிளேடை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன், கை வரவில்லை, திரும்ப மடித்து வைத்துவிட்டேன். வெளித்துணி நைந்து வெளுத்துவிட்டது. உள்ளே இருப்பது மட்டும், அம்மா ஒரு குடம் நல்ல தண்ணியில் நனைத்து எடுத்த அன்றைய நீலத்திலேயே இன்னும் இருக்கும்.