ஆறு பேர் சாப்பாட்டை நான் குழைத்த கதை

நான் அக்கராயனில் வயல் செய்கிறவன். முல்லைத்தீவில் புடைவைக்கடை வைத்திருக்கும் நசீர் நானா மகளின் கலியாணத்துக்கு அழைத்திருந்தார். “மாப்பிள்ள வீட்டு ஆக்களோட இருந்து சாப்பிடுங்க. எங்கட மரியாத உங்கட கையிலதான்” என்றார்.

பாயில் இருத்தினார்கள். முன்னால் சைக்கிள் சில்லளவு தட்டு, மேலே மூடி. திறந்தால் புரியாணி, நடுவே கோழி. விருந்தாளியை நன்றாகக் கவனிப்பார்கள் என்று தெரியும். இவ்வளவு என்று நினைக்கவில்லை. மிச்சம் வைத்தால் நானாவுக்கு மரியாதைக் குறைவு. கறியையும் அச்சாறையும் கொட்டி, மணிக்கட்டுவரை இறங்கிக் குழைத்தேன்.

அப்போதுதான் கை கழுவப் போயிருந்த ஐந்து பேர் வந்து என் தட்டைச் சுற்றி உட்கார்ந்தார்கள். ஆறு பேருக்கு ஒரு தட்டாம், சஹன் என்பார்களாம். எங்கள் வீட்டில் நான் கைவைத்த சோற்றுக் கோப்பையைக் கூடப்பிறந்த தம்பியும் தொடமாட்டான். கையை எங்கே ஒளிப்பது?

மாப்பிள்ளையின் தகப்பன் தட்டைப் பார்த்தார்; என்னைப் பார்த்தார். “குழைச்சும் வெச்சிட்டீங்களா? எங்களுக்கு வேல மிச்சம்” என்றார். பிஸ்மில்லா சொல்லி, நான் குழைத்த இடத்திலேயே கைவைத்து முதல் வாய் உண்டார். மற்றவர்களும் சிரித்தபடி தொடங்கினார்கள். கோழிக்காலை ஒவ்வொருவராக என் பக்கம் தள்ளினார்கள். வேண்டாம் என்று ஒருமுறைதான் சொன்னேன்.

இப்போது எங்கள் ஊர்ப் பந்தியில் தனி இலைக்கு முன்னால் இருந்தாலும், குழைக்கும் முன் இரண்டு பக்கமும் பார்க்கிறேன். ஒருவரும் வருவதில்லை. அது கொஞ்சம் குறையாகத்தான் இருக்கிறது.